யானைக்கு எந்தத் தோட்டா? கரடிக்கு எந்தத் துப்பாக்கி? தெரியுமா?

அணில் சுடும் ரைஃபிளால் ஒரு ராட்சதக் கரடியைச் சாய்க்க முடியுமா? முடிந்திருக்கிறது!

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலம், ஸ்லேவ் லேக் பக்கத்துக் காடு. 1953 மே 10. பெல்லா ட்வின் என்ற கிரீ பழங்குடிப் பெண்மணி நடந்து போய்க்கொண்டிருக்கிறார். வயது 63! கையில் ஒரு முறைக்கு ஒரே ஒரு தோட்டா போடக்கூடிய .22 ரைஃபிள். நம் ஊர் என்.சி.சி. மாணவர்கள் குறி பார்த்துச் சுடப் பழகுகிறார்களே, அதே .22 ரகம்தான். அதன் குண்டு 2 கிராம்கூட இருக்காது! எதிரே வந்தது பிரம்மாண்டமான ஒரு கிரிஸ்லி கரடி. அது மிக நெருங்கி வந்தபோது தலையின் பக்கவாட்டில் சுட்டார். கரடி விழுந்தது. செத்ததா என்ற சந்தேகமே வரக்கூடாதென்று கையிலிருந்த மிச்சத் தோட்டாக்களையும் ஒவ்வொன்றாகப் போட்டு அதே இடத்தில் சுட்டார். பிறகு மண்டையோட்டை அளந்து பார்த்தால், அதுவரை பதிவான கிரிஸ்லிகளிலேயே பெரியது அதுதான்!

உடனே .22-ஐத் தூக்கிக்கொண்டு கரடிக் காட்டுக்குப் போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே வேட்டைக்குப் போகிறவர்கள் வழக்கமாக எடுத்துப்போவது இதைவிடப் பல மடங்கு சக்தி வாய்ந்தது. எந்த விலங்குக்கு எது? வாருங்கள், பார்ப்போம்!

பெயரில் இருக்கும் கணக்கு தெரியுமா?

.30-06 என்பதில் 06 எதைக் குறிக்கிறது? ஆண்டை! அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்ட 1906! சரி, .30-30 என்றால் 1930-இல் வந்ததா? இல்லவே இல்லை! அங்கே இரண்டாவது 30 என்பது தோட்டாவுக்குள் போட்ட வெடிமருந்தின் எடை, 30 கிரெய்ன். .450/400 என்றால்? .450 தோட்டாக் கூட்டின் கழுத்தை நெரித்து .400 குண்டுக்கு ஏற்றபடி ஆக்கியது! .270 வின்செஸ்டரின் குண்டு விட்டம் .270 அங்குலமாகத்தானே இருக்க வேண்டும்? அதுவும் இல்லை, .277! தோட்டா வாங்கப் போகிறவர் தலையைச் சொறிந்துகொள்ளாமல் என்ன செய்வார்?

குண்டின் எடையைச் சொல்லும் கிரெய்ன் எவ்வளவு தெரியுமா? ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன்! ஒரு கிராமுக்குச் சுமார் பதினைந்தரை!

பழைய காலத்துக் கணக்கோ இன்னும் விசித்திரம். ‘12 போர்’ என்றால் அந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு. அப்படியானால் ‘4 போர்’? நாலே உருண்டையில் ஒரு பவுண்டு! பெயர்க் கணக்குப்படி ஒரே குண்டு 113 கிராம்! யானை வேட்டைக்காரர்கள் இதைத் தோளில் வைத்துச் சுட்டார்கள் என்றால் நம்புவீர்களா? ஆப்பிரிக்காவில் பெயர் பெற்ற பிரெடரிக் செலூஸ் 1870-களில் இப்படிப்பட்ட 4 போர் துப்பாக்கிகளோடுதான் தொழிலைத் தொடங்கினார். அதன் உதை தன் நரம்பையே பாதித்துவிட்டது, பிறகு குறியே தடுமாறியது என்று அவரே வருந்தி எழுதியிருக்கிறார்!

4 போரே இப்படி என்றால் 2 போர்?

அதையும் ஒருவர் சுட்டிருக்கிறார்! இலங்கையின் நுவரெலியாவில் குடியேறி யானை வேட்டை ஆடிய சாமுவேல் பேக்கர், பின்னாளில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் போனபோது கொண்டுபோன துப்பாக்கி அது. எடை 20 பவுண்டு, கிட்டத்தட்ட 9 கிலோ! அதிலிருந்து பாய்வது அரை பவுண்டு எடையுள்ள வெடிகுண்டு! அவர் அதற்கு வைத்த செல்லப் பெயர் என்ன தெரியுமா? ‘பேபி’! கூட வந்த அரபுக்காரர்களோ ‘பீரங்கியின் பிள்ளை’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் ஆளையே அது சுழற்றிவிடும். அதனால் பேக்கருக்கே அதைச் சுடப் பயம்!

இலங்கையைப் பற்றிப் பேசும்போது மேஜர் தாமஸ் ராஜர்ஸை விட முடியுமா? 1,400-க்கும் மேல் யானைகளைக் கொன்றவர் என்று சொல்லப்படுபவர். நினைத்தாலே நெஞ்சு பதறும் எண்ணிக்கை! அத்தனை யானைகளிடமும் தப்பியவர் எப்படிச் செத்தார் தெரியுமா? 1845-இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி! அவர் கல்லறைக் கல்லிலும் பிறகு இடி விழுந்ததாக நுவரெலியாவில் இன்றும் சொல்கிறார்கள்!

11 கிராம் குண்டு, 6 டன் யானை!

இனி வருவதுதான் இந்தத் துறையின் ஆச்சரியங்களுக்கெல்லாம் ஆச்சரியம். ‘கரமோஜோ’ பெல் என்று பெயர் பெற்ற ஸ்காட்லாந்துக்காரர். 1880-இல் பிறந்தவர். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் தந்தத்துக்காக அவர் சுட்ட யானைகள் 1,011! இந்த எண்ணிக்கையில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் எதை வைத்துச் சுட்டார் என்பதைக் கேட்டால் ஆடிப்போவீர்கள். அவற்றில் சுமார் 800 யானைகளை .275 ரிக்பி என்ற ஒல்லியான ரைஃபிளால்! குண்டின் விட்டம் வெறும் 7 மில்லிமீட்டர்! எடை 173 கிரெய்ன், அதாவது சுமார் 11 கிராம்!

எப்படி முடிந்தது? யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் பார்த்தார் பெல். யானையின் மண்டை வெளியே பார்க்கத்தான் மலை மாதிரி. உள்ளே பெரும்பகுதி தேன்கூடுபோலக் காற்றறைகள்! மூளை எங்கோ பின்னால், தாழ்வாக, ஒளிந்திருக்கிறது. முன்னிருந்து, பக்கத்திலிருந்து, ஏன், சாய்வாகப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால்கூட அது எங்கே இருக்கும் என்பது பெல்லுக்கு மனப்பாடம். பின்பக்கச் சாய்விலிருந்து சுடும் அந்த முறைக்கு இன்றும் ‘பெல் ஷாட்’ என்றே பெயர்!

மூளைக்குப் போகும் பாதையில் வளையாமல், நசுங்காமல், நேர்கோட்டில் போக வேண்டும். அதற்கு எஃகு உறை போட்ட நீளமான, ஒல்லியான குண்டுதான் தோதாக இருந்தது. சுட்டால் சத்தமும் குறைவு, உதையும் குறைவு. கூட்டத்தில் பக்கத்து யானைக்கே என்ன நடந்தது என்று புரியாது!

இந்த .275 ரிக்பியின் உண்மையான பெயர் தெரியுமா? 7×57 மவுசர்! 1890-களில் ஜெர்மனியில் பிறந்த அப்பட்டமான ராணுவத் தோட்டா! ஸ்பெயின் வீரர்களும் தென்னாப்பிரிக்க போயர்களும் போர்க்களத்தில் பயன்படுத்தியதைத்தான் இங்கிலாந்துக் கடைக்காரர்கள் பெயர் மாற்றி விற்றார்கள்!

இன்னொரு கணக்கு கேளுங்கள். இன்று நமீபியாவில் யானை, காண்டாமிருகம், காட்டெருமை சுட அனுமதி பெற்றவரின் துப்பாக்கிக்குக் குறைந்தது 5,400 ஜூல் சக்தி இருந்தாக வேண்டும். சட்டம்! பெல்லின் .275-க்கு எவ்வளவு? சுமார் 2,800 ஜூல்! 800 யானைகளைச் சாய்த்த அந்தத் துப்பாக்கியால் இன்று நமீபியாவில் ஒரு யானையைச் சட்டப்படி சுட முடியாது! சரியான சட்டம் என்பேன். மண்டையோட்டை அறுத்துப் படித்தவர் பெல் ஒருவர். மற்றவர்கள் அப்படிச் சின்னக் குண்டால் முயன்றால் காயம்பட்ட யானைதான் மிஞ்சும்.

இடது கையில் முட்டை, வலது கையில் ரைஃபிள்!

அதே .275 ரிக்பி இந்தியாவிலும் ஒரு அதிசயம் செய்தது தெரியுமா? 436 பேரைக் கொன்ற சம்பாவத் பெண்புலியை 1907-இல் ஜிம் கார்பெட் வீழ்த்தினார். அதற்கு ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஜான் ஹியூவெட் அளித்த பரிசுதான் அவருடைய .275! வெள்ளித் தகடு பதித்த ரைஃபிள்!

அந்தச் சம்பாவத் புலியைக் கடைசியாகச் சாய்த்த துப்பாக்கி எது என்று கேட்டால் இன்னும் வியப்பீர்கள். கார்பெட்டிடம் இருந்ததே மூன்று தோட்டா. அவை தீர்ந்துவிட்டன. உடன் வந்திருந்த தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கி ஓடினார். அதைத் தூக்கிக் குறி பார்க்கும்போதுதான் தெரிந்தது: குழலுக்கும் அதன் பின்கட்டைக்கும் நடுவே அரை விரல் இடைவெளி! கையிலேயே வெடித்திருக்கலாம்! இருந்தும் சுட்டார். புலி விழுந்தது. குண்டு பட்ட இடம்? பாதத்தில்! ஏற்கெனவே பட்டிருந்த காயங்களாலேயே அது செத்துக்கொண்டிருந்திருக்கிறது!

சரி, .275-க்கு வருவோம். 1930 ஏப்ரல் 11. சவுகர் பெண்புலி 64 பேரைக் கொன்றிருந்தது. ஓடைப் பள்ளத்தில் அதைத் தேடி இறங்கும் வழியில் பக்கிக் குருவியின் இரண்டு முட்டைகளைப் பார்த்தார் கார்பெட். ஒன்று நீண்டு கூர்மையாக, மற்றது கோலிக்குண்டுபோல உருண்டையாக. முட்டை சேகரிப்பதில் ஆசை உள்ளவர், இரண்டையும் எடுத்து இடது உள்ளங்கையில் பாசி வைத்துப் பொதிந்துகொண்டார். ஒரு பெரிய பாறையைக் கடந்ததும் வலது தோள் வழியாகத் திரும்பிப் பார்த்தார். நேர் முகத்துக்கு முகமாகப் புலி! எட்டே அடி தூரம்!

ரைஃபிளின் முனையோ எதிர்த்திசையில். முக்கால் வட்டம் திருப்பியாக வேண்டும். அதுவும் ஒற்றைக் கையால்! அசைவு தெரிந்தால் பாய்ந்துவிடும். கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நகர்த்துகிறார். புலி கண்ணிமைக்காமல் அவரையே பார்க்கிறது. கை முழுவதும் நீண்டுவிட்டது, எடை தாங்காமல் கை சோரத் தொடங்குகிறது. முனை புலியின் உடலுக்கு நேராக வந்த அந்தக் கணம் விசையை அழுத்தினார். முதுகெலும்பும் இதயமும் போயின. முட்டைகள்? ஒன்றுகூட உடையவில்லை! திரும்பிப் போய் அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தார். அரை மணி நேரத்தில் தாய்ப்பறவை வந்து அடைகாத்தது!

தப்பித்ததற்குக் கார்பெட் சொன்ன காரணங்களில் இரண்டைக் கேளுங்கள். ஒன்று, கையில் முட்டை இருந்ததால் அவசரப்பட்டு இரண்டு கையாலும் திருப்பவில்லை. மற்றொன்று, அன்று எடுத்துப்போனது லேசான ரைஃபிள்! அவரிடம் .450/400 இரட்டைக்குழல் ரைஃபிளும் இருந்தது. அந்த ரகம் நாலரைக் கிலோ வரை கனக்கும். அன்று அதைக் கொண்டுபோயிருந்தால்?

ரூஸ்வெல்ட்டின் தோட்டா ஜவளகிரியில்!

அமெரிக்க அதிபர் பதவியை விட்டிறங்கிய கையோடு 1909-இல் கிழக்கு ஆப்பிரிக்கா போனார் தியோடர் ரூஸ்வெல்ட். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்காக அவரும் மகன் கெர்மிட்டும் சுட்ட பெரிய விலங்குகள் 512! அவர் எடுத்துப்போன ரைஃபிள்களில் ஒன்று .405 வின்செஸ்டர். சிங்கத்துக்கு இதுதான் மருந்து என்று கொண்டாடினார். அதே .405 நம் ஓசூர்ப் பக்கத்துக் காடுகளில் உறுமியது தெரியுமா? பெங்களூருவில் வாழ்ந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன், ஜவளகிரி ஆட்கொல்லிப் புலியைத் தேடி அலைந்தாரே, அவர் தோளில் தொங்கியதும் .405 வின்செஸ்டர்தான்!

ஒரு தடையால் பிறந்த தோட்டாக்கள்!

.470, .465, .475... ஏன் இப்படி ஒட்டிய ஒட்டிய எண்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? காரணம் நம் நாடு! 1898-இல் ரிக்பி கம்பெனி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற தோட்டாவைக் கொண்டுவந்தது. பெரிய விலங்குகளுக்கு அதுதான் ராஜா. ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளை அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 தோட்டாவுக்கே தடை போட்டது. பழைய ராணுவ மார்டினி துப்பாக்கிகள் அதே .450 ரகம். கிளர்ச்சிக்காரர் கையில் தோட்டா போய்விட்டால் என்ன ஆவது என்ற பயம்! லண்டன் கம்பெனிகள் சும்மா இருக்குமா? நூலிழை வித்தியாசத்தில் புதிது புதிதாகத் தோட்டா செய்து தள்ளின! தடை இல்லையென்றால் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் பிறந்திருக்குமா என்பதே சந்தேகம். அதுவோ இன்றும் ஆப்பிரிக்க வழிகாட்டி வேட்டைக்காரர்களின் செல்லம்!

இரட்டைக்குழல் ரைஃபிள் ஏன் அவ்வளவு விலை? இரண்டு குழலும் ஒரே புள்ளியில் சுட வேண்டுமே! கைவினைஞர் ஒருவர் சுட்டுப் பார்ப்பார், குழல்களுக்கு நடுவே உள்ள ஆப்பை மயிரிழை நகர்த்திப் பற்றவைப்பார், மறுபடி சுடுவார். அதுவும் ஒரே ஒரு எடைக் குண்டுக்குத்தான் அந்தக் கணக்கு செல்லும்! ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் இரட்டைக்குழல் ஒன்றின் இன்றைய விலை நம் பணத்தில் கோடியைத் தாண்டும்! ஆனால் முதல் தோட்டா பொய்த்தாலும் அடுத்த நொடியே இரண்டாவது தயார். பாய்ந்து வரும் காட்டெருமைக்கு முன்னால் அந்த ஒரு நொடிக்குத்தான் விலை!

உதை எவ்வளவு?

.30-06 சுட்டால் தோளில் இறங்கும் உதை சுமார் 27 ஜூல். ஆப்பிரிக்காவில் பல நாடுகள் ஆபத்தான விலங்குகளுக்குக் குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கும் .375 ஹெச் அண்ட் ஹெச், 1912-இல் வந்தது. அதன் உதை கிட்டத்தட்ட இரட்டிப்பு, சுமார் 54 ஜூல்! 900 கிரெய்ன் குண்டைத் துப்பும் .600 நைட்ரோ எக்ஸ்பிரஸ்? 7 கிலோ துப்பாக்கியாக இருந்தும் 120-க்கு மேல்! 1993-இல் ஏ-ஸ்கொயர் என்ற அமெரிக்கக் கம்பெனி ஒரு தோட்டா செய்தது. பெயர் .577 டைரனோசர்! உதை 200 ஜூலைத் தாண்டும்! அதைச் சுட்டவர் கையிலிருந்து துப்பாக்கியே பிய்த்துக்கொண்டு பறக்கும் காட்சிகளை வீடியோவில் பார்க்கலாம்!

இதில்தான் துப்பாக்கி வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். உதைக்குப் பயந்தவன் விசையை அழுத்தும் முன்பே கண்ணை மூடிவிடுவான். 3,950 ஜூல் .30-06-ஐ நிதானமாகச் சுடுகிறவர், 10,000 ஜூல் .600-ஐ நடுங்கிக்கொண்டு சுடுகிறவரைவிட எப்போதும் மேல். சுவீடன்காரர்களைப் பாருங்கள்! 1894-இல் வந்த 6.5 மில்லிமீட்டர் தோட்டாவை வைத்தே அரை டன் மூஸ் மான்களை இன்றும் சாய்க்கிறார்கள்! ஓடும் மூஸ் உருவத்தைச் சுட்டுப் பழகுவதற்கென்றே அங்கே தனி மைதானங்கள் உண்டு!

சேற்றில் சிக்கிய குண்டு!

1946. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா. ஜான் நோஸ்லர் என்ற வேட்டைக்காரர் ஒரு மூஸைச் சுடுகிறார். அது விழவில்லை! மறுபடி சுடுகிறார். அப்போதும் விழவில்லை! உடம்பெல்லாம் காய்ந்த சேறு அப்பிய மூஸ் அது. குண்டு தோலருகிலேயே சிதறி, உள்ளே போகாமல் நின்றுவிட்டது. ஊருக்கு வந்து யோசித்தார். குண்டுக்கு நடுவே ஒரு தடுப்புச் சுவர் வைத்தால்? முன்பாதி மலர்ந்து விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே தள்ளும்! 1948-இல் விற்பனைக்கு வந்த ‘நோஸ்லர் பார்ட்டிஷன்’ இன்றும் விற்கிறது!

ஜாக் லாட் என்ற வேட்டைக்காரரின் கதை இதைவிடப் பயங்கரம். 1959, மொசாம்பிக். .458 வின்செஸ்டர் மேக்னம் என்ற புதுத் தோட்டாவை நம்பிப் போனவரைக் காட்டெருமை முட்டித் தள்ளியது! அந்தக் குட்டைத் தோட்டாவுக்குள் மருந்தை இறுக்கி இறுக்கித் திணித்தார்கள். அது சில சமயம் கட்டிதட்டிப் போய்ச் சரியாக எரியாது. காயம் ஆறிய பிறகு லாட் நீளமான கூட்டைக் கையில் எடுத்தார். 1971-இல் பிறந்தது .458 லாட்!

போரில் தடை, வேட்டையில் கட்டாயம்!

கொல்கத்தா விமான நிலையம் இருக்கும் டம்டம் தெரியும்தானே? உடலுக்குள் போனதும் விரிந்து மலரும் குண்டை 1890-களில் அங்கிருந்த ஆயுதச் சாலையில்தான் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் செய்தார்கள். கொடூரம் என்று 1899-இல் ஹேக் மாநாடு அதைப் போரில் தடை செய்தது. இங்கிலாந்தின் 1991 மான் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? மானைச் சுடுவதென்றால் விரியும் குண்டுதான் போட வேண்டும்! ஊடுருவிப் போகும் குண்டால் மான் காயத்தோடு ஓடி நாள்கணக்கில் துடிக்கும். சட்டென்று உயிர் போகட்டும் என்பதற்காகவே இந்தச் சட்டம்!

பனிக்கரடி நாட்டில் எந்தத் துப்பாக்கி?

வடகிழக்கு கிரீன்லாந்தில் நாய்வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படையிடம் என்ன துப்பாக்கி இருந்தது தெரியுமா? முதல் உலகப் போர் காலத்து என்பீல்டு ரைஃபிள்! கைவிசையால் இயங்கும் அந்தப் பழைய துப்பாக்கி, உறைய வைக்கும் குளிரிலும் நம்பிச் சுடலாம் என்பதால்! தோட்டா? நாம் முதலில் பார்த்த அதே .30-06!

ஒரு கழுகு துப்பாக்கிக் குழலையே மாற்றுகிறது தெரியுமா?

கலிபோர்னியா காண்டர். சிறகை விரித்தால் கிட்டத்தட்ட 3 மீட்டர்! 1982-இல் உலகத்திலேயே மிஞ்சியிருந்தவை 22! வேட்டைக்காரர்கள் விட்டுப்போன குடலில் சிதறிக் கிடக்கும் ஈயத் துணுக்குகளைத் தின்று விஷமேறிச் செத்தன. காப்பாற்றியே ஆக வேண்டும் என்று 2019 ஜூலை 1 முதல் கலிபோர்னியாவில் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது என்று சட்டம் வந்தது. மாற்று, செம்பு! ஆனால் செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடை வேண்டுமென்றால் குண்டு நீள வேண்டும். நீண்ட குண்டு தலைகீழாகாமல் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். வேகமாகச் சுழற்ற, குழலுக்குள் வெட்டியிருக்கும் முறுக்குக் கோடுகள் இன்னும் நெருக்கமாக வேண்டும். இன்று அமெரிக்காவில் ரைஃபிள் வாங்குகிறவர் காலிபரோடு முறுக்கு எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றும் கேட்டு வாங்குவதற்கு, அந்தக் கழுகின் வயிறும் ஒரு காரணம்!